மகள் வீடு, வழி: எல்லா ஊரும்

விசிலம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் கல்யாணமான நாள் முதல் நடந்த பேச்சுவார்த்தை மொத்தத்தையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. அவர் ஓட்டுநர், அவள் நடத்துநர். ஒரே பேருந்து, ஒரே தடம். இதற்குமேல் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச என்ன இருக்கிறது? பேசிப் பேசியே கெட்ட வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அந்தப் பேருந்தில் ஜன்னலோர இடத்துக்காக அடிதடி வரைக்கும் போனவள் நான். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. முக்கால் பங்கு விசிலம்மாவே சொன்னது. மீதிக் கால் பங்கு என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள். சோறு வேறு, உப்பு வேறு என்று பிரித்துத் தின்ன முடியுமா?

விசிலம்மா குள்ளம். பேருந்தின் மேல்கம்பி அவளுக்கு எட்டாது. எட்டாததைப் பிடிப்பானேன் என்று எதையும் பிடிக்காமலே நிற்கப் பழகிக்கொண்டாள். வளைவில் வண்டி சாயும்போது நாங்கள்தான் அவளைப் பிடித்துக்கொள்வோம். தோளில் தோல் பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி மைதானமே கெடக்கு!" என்று அவள் ஒரு அதட்டல் போட்டால் சுவர்கூட இரண்டடி தள்ளி நிற்கும்.

டிரைவருக்கு எங்கள் தடத்தில் பிரேக் மாமா என்று பெயர். சாலையோரம் ஆள் நின்றால் அவர் கால் தன்னால் பிரேக்குக்குப் போய்விடும். அங்கே ஸ்டாப் இருக்கிறதா, நிற்கிறவர் கை காட்டினாரா என்றெல்லாம் அந்தக் கால் யோசிக்காது. ஒருமுறை துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைக்கு வண்டியை நிறுத்தினார். அது ஏறாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பணியில் உறவுமுறை கிடையாது என்பது இருவருக்கும் சட்டம். வண்டிக்குள் "டிரைவர்", "கண்டக்டர்"தான். வீட்டுப் படி ஏறிய பிறகுதான் "என்னங்க", "ஏம்மா" எல்லாம். இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். பேருந்துக்கும் அன்றைக்கே ஓய்வு கொடுத்து ஏலத்தில் விட்டார்கள். ஏலம் கேட்க வந்த பழைய இரும்புக்காரனை விசிலம்மா ஒரு பார்வை பார்த்தாள். அவன் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டான். வண்டி இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி, இங்கிருந்து எண்ணினால் மூன்றாவது கண்டத்தில், பனி கொட்டும் ஊரில் இருந்தாள். அவள்தான் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழுதாள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா. பிரசவத்துக்கு நீ பக்கத்துல நிக்கணும்."

"ஏன்டி அழற? உனக்கு வலி வர்றதுக்கு முன்னாடி நான் வந்து நிப்பேன். இது கண்டக்டர் வாக்கு."

மாப்பிள்ளை தங்கமானவர். உடனே விமானத்துக்கு ஏற்பாடு செய்தார். விசிலம்மா விமான நிலையம் வரைக்கும் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏம்மா, நடுவுல விசில் ஊதினா நிக்குமா?"

"நிக்காது மேடம்."

"விசில் ஊதினா நிக்காத வண்டியில நான் ஏறினதே இல்லம்மா," என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வாசலில் பிரேக் மாமா பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் வாயைத் திறக்கவே இல்லை. நேரே போய்ப் படியில் ஏறி நின்று இரண்டு விசில் கொடுத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் கிளம்பிவிட்டார்கள். முன்னால் தடம் எழுதும் பலகையில் அவள் கையாலேயே எழுதியிருந்தாள்: மகள் வீடு. வழி: எல்லா ஊரும்.

பின்பக்கம் சில இருக்கைகளைக் கழற்றிவிட்டு அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றினார்கள். மேல்கம்பியில் துணி காய்ந்தது. 'முதியோர்' என்று எழுதியிருந்த நீள இருக்கைதான் படுக்க வசதி. ஆனால் அதில் படுக்க இரண்டு பேரும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அரிசி மூட்டை படுத்துக்கொண்டது.

முதல் கண்டம் முழுக்கப் பிரேக் மாமா நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினார். வாத்துக்காரர், மேளக்காரர்கள், காதலித்து ஓடிவந்த ஒரு ஜோடி, அந்த ஜோடியைத் துரத்தி வந்த மாமனார் என எல்லாரும் ஏறினார்கள். அந்த மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே இருக்கையில் இடம் கொடுத்து, "தள்ளி ஒக்காருங்க, நெருங்கி ஒக்காருங்க" என்று இவள் அதட்டியதில் அவர்கள் சமாதானமாகி இறங்கியதாகக் கேள்வி. மொழி தெரியாதே என்கிறீர்களா? கண்டக்டருக்கு எதற்கு மொழி? தொனி போதும்.

ஏறினால் சும்மா இறங்குவார்களா? "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். வாத்துக்காரர் வீட்டில் ஒரு நாள், மேளக்காரர் வீட்டில் இரண்டு நாள். மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, நீங்க வர்ற வேகத்துக்கு, பிள்ளை பொறந்து, நடந்து, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து உங்கள அழைச்சுட்டுப் போயிடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா, அந்தச் சிரிப்புக்கு அடியில் பயம் அப்படியே இருந்தது.

அடுத்த கண்டத்துக்குக் கடல் தாண்டவேண்டியிருந்தது. பேருந்தைக் கப்பலில் ஏற்றினார்கள். பிரேக் மாமா இருக்கையை விட்டு இறங்கவில்லை. கரை வரும்வரை பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். காலை எடுங்கள் என்று மாலுமி கெஞ்சியதற்கு, "கடல் சரிவா இருக்கு தம்பி" என்றார். விசிலம்மா மேல்தளத்தில் காற்று வாங்கப் போனவள், தடுப்புக் கம்பியில் ஏறிய ஒரு வாலுப் பையனைப் பார்த்து ஒரு விசில் ஊதினாள். பையன் நின்றான். கப்பலும் நின்றது. மறுபடி இரண்டு விசில் கொடுத்த பிறகுதான் கிளம்பியது. கப்பல் தலைவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்ததாக அவளே சொன்னாள். தொப்பியை அவளிடம் கொடுத்தே விட்டார் என்பது என் பங்கு.

கரையேறியதும் மணல். கண்ணுக்கு எட்டியவரை மணல். விசிலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "டிரைவர், இனிமே வண்டி எக்ஸ்பிரஸ். எங்கயும் நிக்காது."

"ரைட்," என்றார் அவர்.

அந்த வனாந்தரத்தில் ஒரே ஒரு மனிதர் ஒரு கல்மேட்டின்மேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். வண்டி நின்றது. கதவு திறந்தது. அந்த மனிதர் பேருந்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். நாட்டின் எல்லைச் சாவடி வரைக்கும் வாய் திறக்கவில்லை. அங்கே அதிகாரி விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் எங்கேயும் போக நிற்கவில்லை. காணாமல்போன ஆட்டைத் தேடி, வெயிலுக்காகக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது மரியாதையில்லை என்று ஏறிவிட்டார்.

வந்த வழியே திரும்பிப் போய் அவரைக் கல்மேட்டில் இறக்கிவிட்டார்கள். ஆடு அங்கே நின்றுகொண்டு அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

மறுபடி எல்லைச் சாவடி. தாள்களைப் பார்த்து முத்திரை குத்தி, தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். வண்டி நகரவில்லை. விசிலம்மா விசிலைத் தோல் பைக்குள் போட்டு மூடி, கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள். இரட்டை விசில் இல்லாமல் பிரேக் மாமா ஒரு அங்குலம்கூட வண்டியை எடுத்தவரில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில், தூக்கிய கட்டைக்கு முன்னால் பேருந்து. பின்னால் லாரிகள், லாரிக்குப் பின்னால் ஒட்டகங்கள், ஒட்டகங்களுக்குப் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம்.

இந்த நாட்டு அதிகாரி கெஞ்சினார். அந்த நாட்டு அதிகாரி தன் சொந்த விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதியே பார்த்தார். "அது கண்டக்டர் விசில் இல்ல," என்று பிரேக் மாமா கண்ணாடியைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். கடைசியில் அவரே எழுந்து பின்னால் வந்தார்.

"கண்டக்டர், விசில்."

"கண்டக்டர் இங்க இல்ல. உங்க பொண்டாட்டிதான் உக்காந்திருக்கா."

அவர் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க, அங்க ஒருத்தி பயந்துகிட்டு நம்ம வழியப் பாத்துகிட்டிருக்கா. நீங்க என்னடான்னா வெயிலுக்குக் கை வெச்சவரையெல்லாம் ஏத்திக்கிட்டு வர்றீங்க!"

"கையத் தூக்கினாரு."

"மரம்கூடத்தான் கையத் தூக்கிக்கிட்டு நிக்குது. வேரோட புடுங்கி ஏத்துங்களேன்!"

அவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். "ஏம்மா, நீ கண்டக்டர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன அன்னிக்கு நல்ல மழை. ஸ்டாப் இல்லாத எடத்துல நின்ன. முன்னாடி போன பஸ்ஸெல்லாம் உன் மேல சேத்த அடிச்சுட்டுப் போச்சு. நான் நிப்பாட்டினேன்."

"நான் கையே தூக்கலையே அப்ப."

"கையத் தூக்கக்கூடத் தெம்பில்லாம நின்ன. அன்னிக்கு நான் நிப்பாட்டலைன்னா நீ ஏது, நான் ஏது, அங்க பயந்துகிட்டு இருக்கிற பொண்ணுதான் ஏது?"

முப்பது வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. பாதிக் கோபம் அந்த ஆச்சரியத்திலேயே ஆவியாகிவிட்டது. மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் பேரம் பேசினாள்.

"சரி, நிப்பாட்டிக்கோங்க. ஆனா ஏத்துவோம், எறக்குவோம், அவ்வளவுதான். விருந்து கிருந்துன்னு எவன் வீட்டு வாசலும் மிதிக்கக் கூடாது."

"ரைட்."

இரண்டு விசில். வண்டி நகர்ந்தது. இரண்டு நாடும் ஒரே நேரத்தில் கைதட்டியது சரித்திரத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு வண்டி பறந்தது. ஆள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் இரட்டை விசில். விருந்துக்கு அழைத்தவர்கள் ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியாகவே ரொட்டியை எறிந்தார்கள். மணல் போய்ப் புல் வந்தது, புல் போய் மலை வந்தது, மலை இறங்கியதும் மூன்றாவது கண்டத்தின் பனி. மகள் இருக்கும் ஊருக்குள் நுழையும்போது குளிரில் கைபேசி செத்துவிட்டது. தெருப் பலகை எல்லாம் பனி மூடிக் கிடந்தது. எல்லா வீடும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி போட்டிருந்தன. எது மகள் வீடு? இரண்டு தரம் ஊரைச் சுற்றினார்கள். விசிலம்மா டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டிரைவர், பொண்ணுக்கு வலி வந்திருக்குமோ?"

 அவர் கால் பிரேக்குக்குப் போனது. சாலையோரம் கம்பளி மூட்டை மாதிரி இரண்டு உருவங்கள் நின்றிருந்தன.

"இப்பவுமா!" என்று அவள் பல்லைக் கடித்தாள். ஆனாலும் பழக்கம் விடுமா? கதவைத் திறந்தாள். "சீக்கிரம் ஏறுங்க, படியில நிக்காதீங்க, உள்ள போங்க! யாரும்மா அது, பிள்ளத்தாச்சியா? பாத்து ஏறும்மா. எங்க போகணும்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரி ரெண்டு," என்று டிக்கெட்டைக் கிழித்து நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்தக் கம்பளி மூட்டை தமிழில் பதில் சொன்னது.

"அம்மா!" என்றது மூட்டை.

மாப்பிள்ளையின் கார் பனியில் புதைந்து கிளம்பாமல், வாடகை வண்டியும் கிடைக்காமல், வலி எடுத்த மனைவியோடு அவர் சாலைக்கு வந்து நின்றிருந்தார். விசிலம்மா ஊதிய இரட்டை விசிலில் கூரைப் பனியெல்லாம் கொட்டியதாம். வழிநெடுக எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள், சிலர் கைகூடத் தூக்கினார்கள். அன்றைக்குத்தான் பிரேக் மாமாவின் கால் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

பிரசவ அறையில் விசிலம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை அசைவதாக இல்லை. டாக்டரம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்தான்மா ஸ்டாப்புலயே நிக்கும்?" என்று மகள் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"அதுக்கு விசில் குடுக்கலையேடி," என்றாள் இவள். கழுத்தில் இருந்ததை எடுத்து இரண்டு தரம் ஊதினாள். நர்ஸ் ஓடிவந்து விசிலைப் பிடுங்குவதற்குள் குழந்தை வந்துவிட்டது. எல்லாம் தற்செயல் என்று டாக்டரம்மா சொல்கிறார். படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

விசிலம்மா வெளியே ஓடிவந்து பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிரேக் மாமா. நகரப் பேருந்து என்று நினைத்து ஊர்க்காரர்கள் ஏறி வண்டி நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வரலையா நீங்க?"

"கடைசி ஸ்டாப்னு நீ விசிலே குடுக்கலையே," என்றார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபடியே மெதுவாக, "என்ன?" என்றார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "டிக்கெட் போட்டுட்டியா?"

"கைக்குழந்தைக்கு ஏதுங்க டிக்கெட்?"

அவள் நீளமாக ஒரு விசில் ஊதினாள். அவர் சாவியைத் திருப்பினார். மூன்று கண்டத்து உறுமல் அடங்கியது. "கடைசி ஸ்டாப், எல்லாரும் எறங்குங்க!" என்று அவள் அதட்டியதும் அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். வந்தது வந்தோம் என்று வரிசையில் நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வரிசையில் கடைசி ஆள் பிரேக் மாமா. வாசற்படியில் கால் தயங்கி நின்றுவிட்டது, பிரேக்கில் வைத்த மாதிரி. அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"உள்ள போங்க தாத்தா, உள்ள போங்க. முன்னாடி எடம் கெடக்கு."