சுவிட்ச் எங்கே என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும்

பழைய கார் திருடு போகாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் தயவில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. “இந்த டப்பாவ எவன் எடுக்கப் போறான்” என்று சொல்லிவிட்டுப் போனவரே மறுவாரம் வந்து, பக்கத்து வீதியில் ஒன்று காணாமல் போய்விட்டதாகவும், அது தன்னுடையதைவிட மோசமான டப்பா என்றும் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பழைய வண்டிக்கு வாக்கப்பட்டுவிட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது வண்டிக்குச் சாவியிலேயே சிப் இருக்கிறது. நம் வண்டிக்கு நாம்தான் காவல்.

கருமத்தம்பட்டியில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. ஹாரன், லைட், டைனமோ எல்லாம் பார்ப்பேன் என்றாலும், சுற்றுவட்டாரத்தில் என் பெயர் நிற்பது ரகசிய சுவிட்சில்தான். வண்டிக்குள் எங்காவது கண்ணில் படாமல் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, இன்ஜினுக்குப் போகும் கரண்ட்டை அதன் வழியாக விட்டுவிடுவேன். அதைத் தட்டாமல் சாவி போட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. திருடன் நாலு தடவை பார்த்துவிட்டு, ஓடாத வண்டி என்று போய்விடுவான். இதில் நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று. சுவிட்ச் இருக்கும் இடம் வண்டிக்காரருக்கும் எனக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. எழுதி வைக்க மாட்டேன், போனில் சொல்ல மாட்டேன்.

என் வீட்டு ஷெட்டிலும் ஒரு வண்டி நிற்கிறது. மெரூன் நிறத்தில் சின்னக் கார். என் மகள் நித்யா ஓட்டிப் பழகியது அதில்தான். கல்யாணமாகி ஜெர்மனிக்குக் கிளம்பும்போது, “வண்டிய வித்துப்போடாதீங்கப்பா, வந்து நான் ஓட்டோணும்” என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வருடம் ஆயிற்று. அவள் கிளம்பிப் போன அந்த மாதமே அதற்கும் ஒரு சுவிட்ச் வைத்தேன். எங்கே என்று என் மனைவி பூங்கொடிக்கே தெரியாது. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

பின்சீட்டுக்கு அடியில்

அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அம்பாசிடரோடு வந்தார். நான் காட்டிய இடம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே என்றால் திருடன் அங்கேதான் முதலில் தடவுவான் என்றார். டேஷ்போர்டுக்குப் பின்னால் என்றால் அதுவும் அவனுக்குத் தெரியும் என்றார். திருடனோடு கூடப் படித்தவர் மாதிரி பேசினார். கடைசியில் பின்சீட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற மாதிரி வைக்கச் சொன்னார். தினமும் சிரமம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். கிளம்பும்போதெல்லாம் பின்கதவைத் திறந்து, சாமானை எல்லாம் இறக்கி, சீட்டைத் தூக்கி, குனிந்து தட்டிவிட்டு, மறுபடி சாமானை ஏற்றி உட்கார வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்த வீட்டுக்கார அம்மாவை இறங்கச் சொன்னதில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லையாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “திருடன உடுங்க, எனக்கே இந்த வண்டிய எடுக்க மனசு வரமாட்டீங்குதுங்க.”

அரைத்துவிட்ட மிளகாய்

சோமனூரில் தறி ஓட்டுகிற ஒருவரின் கார், அவிநாசியில் கல்யாண மண்டபத்து வாசலில் இருந்து காணாமல் போனது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளே புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனார்கள். களவு கொடுத்தவர்கள் மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்து, நீதிக்கல்லில் பூசி முறையிட்டுவிட்டு வருவது நம் பக்கத்து வழக்கம். எடுத்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. அந்த அம்மா கை எரிய எரிய அரைத்து, எடுத்தவன் கண்ணு அவிய என்று வாய்விட்டுச் சொல்லிப் பூசியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ஈரோட்டிலிருந்து அந்த அம்மாவின் தம்பி போன் செய்தார். மஞ்சள் மார்க்கெட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் அக்கா முன்பே தன்னிடம் கொடுத்து வைத்திருந்த ரெண்டாவது சாவியில் மண்டபத்து வாசலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாராம். அக்காவிடம் சொல்லிவிடும்படி அவர் கேட்டுக்கொண்ட ஆள் பந்தியில் உட்கார்ந்து மறந்துவிட்டார். தம்பி இதைச் சொல்லிவிட்டு, ரெண்டு நாளாகக் கண்ணெல்லாம் ஒரே எரிச்சல் என்றும் சேர்த்துச் சொன்னாரே பார்க்கலாம். மஞ்சள் குடோனில் நின்றால் யாருக்கும் எரியும் என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா அழுது புரண்டு, வந்து சேர்ந்த அதே வண்டியில் ஆனைமலைக்கு ஓடி, அம்மனுக்கு எண்ணெய்க்காப்பு செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் வீட்டுக்காரரோடு நேராக என் கடைக்கு வந்தார்.

சுவிட்ச் வைத்து முடித்து, வழக்கப்படி வீட்டுக்காரரை மட்டும் தனியே கூப்பிட்டு இடத்தைக் காட்டப் போனேன். அந்த அம்மா விடவில்லை. நான் என் சட்டத்தைச் சொன்னேன். மூன்றாவது ஆளுக்குச் சொன்னால் அது ரகசியமே இல்லை என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “எங்க வேணாலும் வெச்சுக்குங்க, எந்தம்பிக்கு மட்டும் சொல்லிப்போடுங்க. இன்னொருக்கா மொளகா அரைக்க என்னால முடியாதுங்க.”

வாத்தியார் ஏன் சாய்ந்தார்

ஆரோக்கியசாமி வாத்தியார் என்னிடம் சுவிட்ச் வைத்துப் பத்து வருடம் இருக்கும். இடத்தை அவரேதான் சொன்னார். இடது பக்கம், முன்சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு எதிரே, டேஷ்போர்டுக்கு அடியில். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர் அவ்வளவு தூரம் சாய வேண்டியிருக்குமே என்று கேட்டேன். பரவாயில்லை என்று சிரித்தார்.

போன வருடம் அவர் தவறிவிட்டார். மூன்று மாதம் கழித்து அவர் மனைவி லூர்துமேரி டீச்சர் பஸ்ஸில் என் கடைக்கு வந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மெக்கானிக் இரண்டு பேர் பார்த்தும் பிடிபடவில்லை. சென்னையில் இருக்கும் மகன் விற்றுவிடச் சொல்கிறான். ஓடாத வண்டியை எப்படி விற்பது என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாத்தியார் வீட்டில் யாரிடமும் சொல்லவே இல்லை. அவர் என் சட்டத்தை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

கூடவே போனேன். டீச்சரை வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரச் சொல்லி, டிரைவர் சீட்டில் இருந்து அவர் பக்கம் சாய்ந்து சுவிட்சைத் தட்டினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.  டீச்சர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். கிளம்பும்போதெல்லாம் வாத்தியார் அப்படித்தான் தன் பக்கம் சாய்வாராம். ஏன் என்று தானும் ஒரு நாளும் கேட்டதில்லையாம். வேண்டுமானால் அந்த சுவிட்சை எடுத்துவிட்டு நேராகக் கனெக்‌ஷன் கொடுத்துவிடுகிறேன் என்றேன். டீச்சர் மறுத்தார்: “எங்கதவு செரியாச் சாத்தியிருக்குதான்னு பாக்கறாருன்னு நெனச்சுட்டே இத்தன வருசம் உக்காந்திருந்தேன், தம்பி. வண்டிய விக்கல. அது அங்கயே இருக்கட்டும்.”

பக்கத்துக் கடைக்காரரின் கணிப்பு

அன்று திரும்பி வரும்போது நித்யாவுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்று கை பரபரத்தது. சொல்லவில்லை. சட்டம் ஒரு சாக்குதான். உண்மையில், அவள் வந்து ஸ்டீயரிங் பிடித்து உட்கார, நான் பக்கத்தில் உட்கார்ந்து, “இங்க தொட்டுப் பாரு கண்ணு” என்று அவள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவி, பேட்டரி ஏற்றி, ஷெட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் செல்வராஜ், நான் வாராவாரம் அந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து சார்ஜ் போடுவதைப் பார்ப்பவர். இந்த முறை நித்யா சித்திரையில் நிச்சயம் வருகிறாள் என்றேன். போன சித்திரைக்கும் இதையேதான் சொன்னேன் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை, பெருந்தன்மைதான். வீல் லாக் ஒன்றும் புதிதாக வாங்கியிருப்பதைச் சொன்னதும் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “திருடனே வந்தாலும் உங்களப் பாத்துட்டு, பாவம் இருந்துட்டுப் போகட்டும்னு போயிருவானுங்கண்ணா.”

அவள் வந்தாள்

நிஜமாகவே வந்தாள். பேத்திக்கு மூன்று வயது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. இரண்டு வாரம் தங்குவதாக ஏற்பாடு. வந்த அன்று களைப்பு. இரண்டாம் நாள் எனக்குக் கடையில் தட்ட முடியாத ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வண்டியில் உட்கார்ந்து காட்டலாம் என்று நினைத்தேன். புது சீட் கவர் போட்டு, வீல் லாக்கைக் கழற்றி, சாவியை ஹாலில் மாட்டிவிட்டு வந்தேன்.

மதியம் கடை வாசலில் ஒரு வெள்ளை டாக்ஸி வந்து நின்றது. யாரோ கஸ்டமர் என்று எழுந்தேன். டிபன் கேரியரோடு நித்யா இறங்கினாள், பின்னால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பூங்கொடி. நம் வண்டியிலேயே சாப்பாடு கொண்டுவந்து அப்பா முன்னால் நிறுத்த வேண்டும் என்று காலையில் இருந்து திட்டமாம். அதனால்தான் போன் செய்யவில்லையாம். முக்கால் மணி நேரம் ஷெட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்து செல்ஃப் அடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளியும் பார்த்திருக்கிறார்கள். பேட்டரி இறங்கி, குழந்தை அழ ஆரம்பித்ததும் டாக்ஸி சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டிக்கும் வயசாகிவிட்டது பாவம் என்று என்னைத் தேற்றவும் செய்தாள். சுவிட்சைத் தட்டாத வண்டி என்ன செய்யுமோ, அதை என் வண்டி ஒரு குறையும் இல்லாமல் செய்திருக்கிறது. 

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை ஏற்றி, அவளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சுவிட்சைக் காட்டினேன். தட்டினாள், இன்ஜின் பிடித்தது. அவிநாசி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாமா என்றேன். கியரில் கை வைத்தாள், எடுத்தாள். ஜெர்மனியில் ஓட்டுவது கியர் இல்லாத வண்டி, ரோட்டிலும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். நம் ரோட்டில் பஸ் வருகிற வேகத்தை டாக்ஸியில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது என்றாள். பின்னால் குழந்தைக்கு பெல்ட்டும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. அவளே இன்ஜினை அணைத்தாள். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஓட்டீட்டு வந்திருப்பேனுங்கப்பா. அன்னிக்கு என்னமோ ஒரு தைரியம் இருந்துச்சு.”

இத்தனை வருடத்தில் நான் காவல் போட்டுக் கொடுத்த வண்டிகளில், எடுக்கக் கூடாதவனும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டியவளும் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்து சொல்லக்கூடியது என் சொந்த வண்டி ஒன்றுதான்.