கோணல் கட்டிய வெப்சைட்

என் கணவரை என் பிறந்த வீட்டில் கோணல் என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவன் என் தம்பி. முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, கையில் கொடுத்த காபியைக் குடிக்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "கொஞ்சம் கோணலா இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதை நேராக்கிவிட்டு இறங்கினார். பொறுப்பான பிள்ளை என்று அப்பாவுக்குச் சந்தோஷம். தம்பி சமையலறைக்கு வந்து, "அக்கா, உன்னையும் நேராக்கிடுவாரு, ஜாக்கிரதை" என்றான். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான்தான் இத்தனை வருஷமாக அவரை நேராக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவர் டிசைனர். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, தனியாகத்தான். அலுவலகம் என்று சொல்லிக்கொள்வது கண்ணாடி போட்டு அடைத்த எங்கள் பால்கனியை. அவர் தலைக்கு மேலே என் துணிக்கொடி. மழைநாளில் ஈரத்துண்டுக்குக் கீழே உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துரு தேடிக்கொண்டிருப்பார். துணிக்கடை நோட்டீஸ், பல் டாக்டர் போர்டு, ஜாம் பாட்டில் லேபிள் என்று எது வந்தாலும் செய்வார். எதையும் உயிரைக் கொடுத்துத்தான் செய்வார்.

அந்த ஜாம் லேபிளைச் சொல்லியே ஆகவேண்டும். வீட்டிலேயே ஜாம் போட்டு விற்கும் ஒரு அம்மா, அழகாக ஒரு லேபிள் வேண்டும் என்று கேட்டார். இவர் அந்த அம்மாவின் சமையலறைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். பாட்டில்களெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் மூடி மட்டும்தான் தெரிகிறது. எது எந்தப் பழம் என்று தெரிய அந்த அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கிறார். இதைப் பார்த்துவிட்டு வந்து, பழத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் மூடியின் மேல் போட்டுக்கொடுத்தார். யாரும் கேட்காத வேலை அது. கேட்டதைவிட அதுதான் அந்த அம்மாவுக்குப் பிடித்தது.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எழுத்தை அவர் பார்ப்பார், படிக்கமாட்டார். நானோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களை உட்காரவைத்து எழுத்தைப் படிக்கச் சொல்வது என் பிழைப்பு. எனக்கு இப்படி ஒருவர் வாய்த்தார். அவருக்கு ஒரு பத்தி என்பது சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மற்றவர்களின் கவலை. எழுதித் தரவேண்டியவர்கள் தரும்வரை அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று எதையாவது தட்டிவைப்பார். காதில் விழுவது அப்படியே விரலில் வரும். ஒருமுறை ஒரு கேக் பெட்டியின் மாதிரியில், "கேஸ் தீரப்போகுது, போன் பண்ணச் சொன்னேனே" என்று தங்க நிறத்தில் இருந்தது. பேக்கரிக்காரர் நல்ல மனுஷர். அச்சுக்குப் போவதற்கு முன்னால் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்.

ஊருக்கெல்லாம் அழகு செய்கிறவரின் சொந்த வெப்சைட் மட்டும் பார்க்கச் சகிக்காது. மீசை வைத்திருந்த காலத்துப் போட்டோ, அதற்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பூமி உருண்டை. அந்த உருண்டை எதற்கு என்று அவருக்கே தெரியாது. சோம்பேறித்தனம் என்று சொல்லமுடியாது. புதிதாகக் கட்ட ஆரம்பிப்பார், பாதியில் ஏதாவது ஒரு வகுப்பை ஆன்லைனில் பார்ப்பார், தான் கட்டியதெல்லாம் குப்பை என்று தெரிந்துவிடும், இடித்துவிடுவார். கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள வெப்சைட் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோதுதான் விஷயம் திரும்பியது. அந்த ஆஸ்பத்திரியில் "எக்ஸ்ரே" என்று எழுதிய அம்புக்குறி ஒரு தூணைக் காட்டிக்கொண்டு நின்றது. கையில் சீட்டோடு ஒரு பெண் அழாத குறையாக அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இவர் எழுந்துபோய் அவளைக் கொண்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தால் அங்கே இன்னொருவர். அப்பா கண் விழித்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார். மாப்பிள்ளை நடைபாதை முனையில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் டாக்டரம்மா அந்தப் பக்கமாக வந்தவர் இவரைப் பார்த்து நின்றார்.

"நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"நான் எந்த டிபார்ட்மென்ட்டும் இல்லைங்க. உங்க அம்புக்குறி தப்பா இருக்கு."

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. போர்டுகள் எல்லாவற்றையும் மாற்றப்போகிறோம், பெரிய கம்பெனிக்காரர்கள் சிலர் இந்த வேலையைக் கேட்டிருக்கிறார்கள், நீங்களும் வெப்சைட் லிங்க்கை அனுப்புங்கள், திங்கட்கிழமை காலையில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்கு இந்த வேலை வேணும்" என்றார். சட்டை எடுக்கப் போனால்கூட "நீயே பாத்து எடு" என்கிற மனுஷர். வேணும் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கிடைக்காவிட்டால் இவர் இனி எதையும் கேட்கவே மாட்டார் என்று தோன்றியது.

அந்த வாரம் முழுவதும் பால்கனியில் மனுஷர் தவம் கிடந்தார். எதிர்வீட்டுச் சுவரில் எழுத்து போட்ட காகிதத்தை ஒட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார். எங்கள் கடையில் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையைக் கேட்டு வாங்கி வந்து, எந்த எழுத்து எவ்வளவு தூரத்தில் மங்குகிறது என்று என்னைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். கை நிஜமாகவே தேறியிருந்தது. குறை சொல்லமுடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டுக் காட்டினார். பூமி உருண்டை போயிருந்தது, நிம்மதி. ஆனால் அதன் இடத்தில் வெள்ளைவெளேர் என்று ஒரு பக்கம், நடுவில் ஒரு நீல வட்டம். அடுத்து, உலகத்திலேயே இல்லாத ஒரு விமானக் கம்பெனிக்கு இவராகப் போட்ட போஸ்டர். அப்புறம் இல்லாத ஒரு ஓட்டல். ஜாம் லேபிள் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் சின்ன வேலை. அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க முன்னாடி எப்படிக் காட்டுறது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். என்ன பேசினேன் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்துபோனதால் இங்கே தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அவர் திரும்பியே பார்க்கவில்லை. தலையை ஆட்டியபடி தட்டிக்கொண்டிருந்தார். சுவரிடம் பேசியிருந்தாலும் ஒரு எதிரொலி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். சாயங்காலம் லிங்க்கை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை கடையில் இருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, மாமா வெப்சைட்டைப் பாத்தியா?"

"ஏன்டா?"

"'என்னைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கு. போய்ப் படி." சிரிப்பில் அதற்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை.

கடை கம்ப்யூட்டரில் திறந்தேன். நேர்த்தியான பக்கம், இரண்டு ஓரத்திலும் தாராளமாக இடம் விட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியான எழுத்து. அதில் இப்படி இருந்தது:

"அந்த ஜாம் அம்மா பெட்டியைத் திறந்ததும் எந்தப் பாட்டில்னு தெரியணும்னு அவங்க அடுப்படியில போய் உக்காந்தீங்களே, அது சின்ன வேலையா? வழி தெரியாம முழிச்ச பொண்ணை எக்ஸ்ரே ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போனீங்களே, அந்தக் கம்பெனிக்காரங்க யாராவது போவாங்களா? இருக்கிறதை ஒளிச்சு வெச்சிட்டு இல்லாத பிளேனைக் காட்டுறீங்க. இந்த நீல வட்டம் யாருக்கு என்ன வழி சொல்லுது? உங்களைவிட அழகா வரையிறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. அடுத்தவங்க கஷ்டத்தைப் பாக்கிறவர் எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான். இதை வெளியில சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

முதலில் தலை சுற்றியது. பிறகு இன்னொரு தடவை படித்தேன். ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்கூட முற்றுப்புள்ளி இருந்தது. கேட்கவே இல்லை என்று நினைத்தவர் அத்தனையையும் கேட்டிருக்கிறார். வந்த வாடிக்கையாளர் ஈரமான என் கண்ணைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் பவர் மாறிடுச்சா?" என்று கேட்டார்.

அவருக்குப் போன் போட்டேன்.

"நேத்து எல்லாத்தையும் சரிபாத்தேனே" என்றார்.

"பாத்தீங்க. படிச்சீங்களா?"

மறுமுனையில் வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்று புரிந்தது. கடையில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பாங்க" என்றார். திட்டலாம் என்று வந்தவள், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பாவமாக இருந்தது.

போன் அடித்தது. டாக்டரம்மா. ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், மன்னிச்சிடுங்க, அது தவறுதலா..."

"அது இருக்கட்டும். பேசினது யாரு?"

"என் மனைவிங்க."

"விமானப் போஸ்டர் எங்க யாருக்கும் புரியல. எழுதியிருந்ததைச் சத்தமா வாசிச்சோம். எக்ஸ்ரே ரூம் தெரியாம ஆளுங்க இப்படி முழிக்கிறதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட சொன்னதே இல்ல. அந்த ஜாம் பாட்டிலை எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஜாம் மூடியை மேஜையில் வைத்து அவர் பேசியதையும், ஆளாளுக்குக் கேள்வி கேட்டதையும் விட்டுவிடுகிறேன். வேலை கிடைத்தது. சுவர் சுவராக, முனை முனையாக நின்று செய்தார். அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அந்த நடைபாதை முனையில் யாருமே நிற்கவில்லை. எல்லோரும் அவரவர் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் நின்று பார்த்தார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வெப்சைட்டை மறுபடியும் இடித்துக் கட்டினார். இப்போது முதல் பக்கத்தில் ஜாம் மூடி, அடுத்து பல் டாக்டர் போர்டு, ஆஸ்பத்திரி. விமானமும் நீல வட்டமும் போய்விட்டன. "என்னைப் பற்றி" மட்டும் அப்படியே இருக்கிறது. கடைசி வரியையாவது எடுங்கள், ஊரார் என்ன நினைப்பார்கள் என்று நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். கழுத்தைச் சாய்த்துத் திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதை எடுத்தா எல்லாமே கோணலாயிடும்" என்றார்.