சைவ நாய்

விரல்கள் அந்த வெள்ளை நாயின் வயிற்றை விலாவிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்து, இடுப்புக்குச் சற்று முன்னால் நின்றன. உள்ளே ஏதோ ஓடைக்கல் மாதிரித் திரண்டு கிடந்தது. மறு கை உதட்டைத் தூக்கிப் பார்த்தது. ஈறு வெளுத்து, ஈரமில்லாமல் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் சுதாராணி, நாயைத் தூக்கி வந்த குருசாமியிடம்.

பதினாறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்தவள் அவள். மிஷின் வந்து ஆளைக் குறைத்தபோது, இந்த நாய் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொண்டு நின்றே நரம்பு பார்க்கப் பழகினாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. டாக்டர் கிராமங்களுக்கு மாடு பார்க்கப் போய்விட்டால், வருகிறவர்களை விசாரித்துப் போனில் சொல்வதும் அவள்தான். எத்தனை தடவை போனது, எப்படிப் போனது, கடைசியாக என்ன தின்றது, இவற்றைக் கேட்காமல் போனை எடுக்கமாட்டாள்.

திங்கட்கிழமையும் கேட்டாள். பலசரக்குக் கடை குருசாமி நாயைக் கூட்டி வராமல், மருமகள் சத்யபிரியாவோடு வந்து நின்றார்.

"கழிசல்மா. முக்கிக்கிட்டே கிடக்கு. தண்ணியாக் கொஞ்சங் கொஞ்சமாப் போகுது."

"எலும்பு கிலும்பு தின்னுச்சா அண்ணாச்சி?"

"எங்க வீட்டு நாய் சைவம். தயிர்ச்சோறுதான்."

"டைகர்னு பேரு வச்சிட்டுத் தயிர்ச்சோறா போடுதீங்க?"

"அமாவாசைக்குக் காக்காய்க்கு வச்ச பொறவுதான் அதுவும் சாப்பிடும், பாத்துக்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சத்யபிரியா மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுதாராணி அதைக் கவனித்தாள்; ஆனாலும் போனில், "எலும்பு இல்ல சார்" என்றாள். டாக்டர் சொன்ன மருந்தை எடுத்துக் கொடுத்து, நாயைக் கூட்டிவரச் சொன்னாள். கடையைப் போட்டுவிட்டு எங்கன வர என்றார் குருசாமி. இன்று வெள்ளி. நாய் நிற்க முடியாமல் போன பிறகு மருமகளோடு தூக்கி வந்திருக்கிறார்.

அவர் வெளியே போனதும் சுதாராணி சத்யபிரியாவைப் பார்த்தாள். "என்ன கொடுத்தட்டி?"

"ஆட்டெலும்புக்கா. ஞாயித்துக்கெழம அம்மா வீட்லேருந்து கொண்டாந்தேன். விலாவெல்லாம் துருத்திக்கிட்டு இருந்திச்சு, பாக்கச் சகிக்கல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"மாமா நின்னாவல்லா. அவிய முன்னால எப்படிச் சொல்ல? எலும்பு கொண்டாந்த பாத்திரத்தோட என்னையும் தூக்கி வெளிய எறிஞ்சிருவாவ."

அடைத்துக் கிடந்ததைச் சுற்றிக் கசிந்த நீரைத்தான் கழிசல் என்று நினைத்திருந்தார்கள். குடலைக் கட்டுகிற மருந்தை அளந்து கொடுத்தது அவள் கை.

போன் போட்டாள். டாக்டர் குளத்தூரில், வயிற்றில் கன்று மாறிக் கிடந்து ஈன முடியாத ஒரு பசுவோடு இருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும், டிரிப் போட்டு, பின்பக்கமாகச் சோப்புத் தண்ணீர் ஏற்றிப் பார் என்றார். வற்றிக் கிடந்த நரம்பை மூன்றாவது குத்தில்தான் பிடிக்க முடிந்தது. சோப்புத் தண்ணீர் ஏற்றினாள். சுண்ணாம்புக்கட்டி மாதிரி இரண்டு துண்டு வந்தது. அவற்றில் எலும்புச் சில்லுகள் குத்திக்கொண்டு நின்றன. அப்புறம் ரத்தம் வந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். டிரிப் சொட்டிக்கொண்டே இருந்தது. நாய் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தது.

ஊசியைக் கழற்றினாள். பின்பக்கத்தை வெந்நீரில் கழுவி, துடைத்து, ரோமத்தைச் சீவிவிட்டாள். எலும்புச் சில்லுகளைப் பேப்பரில் மடித்துக் குப்பைவாளியில் போட்டு, மேலே பஞ்சைப் போட்டாள். நாயைத் துண்டில் சுற்றி முடித்தபோது குருசாமி உள்ளே வந்தார்.

"உள்ள என்னம்மா இருந்திச்சு?"

சத்யபிரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மலம் இறுகிப் போச்சு அண்ணாச்சி" என்றாள் சுதாராணி. "அன்னைக்கு நான் கொடுத்த மருந்து சேரல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தலைப்பக்கம் தாங்கிப் பிடிங்க" என்று அவள் நாயை அவர் கைகளில் வைத்தாள்.