காளான் போட்ட வட்டம்

ராயபுரத்து ஃப்ளோராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவொற்றியூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். கிருமி வளர்த்த தட்டுகளை நீராவியில் வேகவைத்துக் கழுவுவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. அவர் கணவர் ஹென்றி, துறைமுகத்தில் காலில் ஆணி ஏறிய காயம் புரையோடி இறந்தவர். எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி அடங்கவில்லை. அதற்குப் பிறகு தட்டுகளைத் தொடும்போதெல்லாம் கையுறைக்குள் ஃப்ளோராவின் விரல்கள் கூசும்.

சென்ற வருடம் ஆராய்ச்சி மாணவி ஜெமிமா, காட்டுக் காளான்களில் கிருமியைத் தடுக்கும் பொருள் தேடிக்கொண்டிருந்தாள். ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த இருபதும் கைவிட்டன.

“மலையிலதான் மொளைக்குமா? பேசின் பிரிட்ஜாண்ட புயல்ல வுழுந்த மரம் ஒண்ணு கெடக்குது. அதுல செவப்பா இன்னாமோ மொளச்சிக்கீதும்மா,” என்றார் ஃப்ளோரா.

மறுநாளே இருவரும் போனார்கள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து கிடந்தது. கரி படிந்த பட்டையில் காளான்கள் சின்னச் சின்ன விசிறிகளாக, நெருப்பு நிறத்தில் ஒட்டியிருந்தன.

ஜெமிமா அவற்றை உலர்த்திப் பொடித்து, ஆய்வகச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டினாள். அந்தச் சாற்றில் ஒரு காகிதப் பொட்டை நனைத்து, கிருமி தடவிய தட்டில் வைத்தாள். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் சாராயத்தில் நனைத்த இன்னொரு பொட்டு.

“உங்க வீட்டுக்காரருக்கு வந்த அதே வகைக் கிருமிதான்க்கா இது,” என்றாள்.

மறுநாள் காலை தட்டை முதலில் எடுத்தவர் ஃப்ளோரா. தட்டெங்கும் பால் ஏடு போலக் கிருமி மண்டியிருந்தது. சாராயப் பொட்டைச் சுற்றியும் அப்படியே. காளான் பொட்டைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் துடைத்துவிட்டதுபோல வெறுமை. ஜன்னலருகே தூக்கிப் பிடித்தார். அந்த வட்டத்தின் வழியாக வெளியே போகும் கன்டெய்னர் லாரி தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கிட்டயே வரலம்மா,” என்றார் மெதுவாக. “ஒரு காளானுக்கு இதை யாரு சொல்லிக்குடுத்தா?”

ஜெமிமாவும் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்று முறை திரும்பச் செய்தார்கள். மூன்று முறையும் வட்டம் விழுந்தது. ஐந்து மாதம் கழித்துச் சாற்றின் பகுப்பாய்வு முடிவு வந்தபோது ஜெமிமாவின் முகம் வாடியது.

“நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச பொருள்தான்க்கா. அது மருந்தாகணும்னாலும் இன்னும் எத்தனையோ வருஷம்.”

“ஆவட்டும். வேற எதுனா மொளச்சிக்கினு இருக்கும். தேடலாம்.”

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் இருவரும் கிளம்புகிறார்கள். இதுவரை எழுபது காளான்கள். அவற்றில் மூன்று மட்டும் வட்டம் போட்டன. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் மட்கிய பலகையில் கிடைத்த ஒன்றின் பொருள் என்னவென்று இன்னும் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஃப்ளோரா சாலையோர மரங்களின் அடியையே பார்த்துக்கொண்டு போகிறார்.