காஜா முகைதீன் உட்கார்ந்த சஹன்

காயல்பட்டினத்தில் காஜா முகைதீனைத் தெரியாதவர்கள்கூட அவருடைய உதட்டைத் தெரிந்து வைத்திருந்தார்கள். "எந்தக் காஜா, பைப்புக் கடையா, உதடா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான்.

முதலில் இடது கடைவாயில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. சாயங்காலத்துக்குள் அந்த இடம் தடித்து, சின்னச் சின்ன நீர்மணிகள் கூட்டமாக எழும்பும். பிறகு உடையும், பொருக்காடும், உதிரும். தோல் பழையபடி ஆகி, மனுஷன் அதை மறந்து சிரிக்கத் தொடங்கும்போது மறுபடி எறும்பு ஊரும். வெயிலில் அலைந்தால் வரும், காய்ச்சல் கண்டால் வரும், தூக்கம் கெட்டாலும் வரும். நல்ல காரியத்துக்கு நாள் குறித்தால், கவலையில் தூக்கம் கெட்டு, தவறாமல் வரும்.

தம்மாமில் கட்டட வேலையில் மேற்பார்வையாளராகப் பல வருஷம் வெயிலில் நின்றவர் அவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெட்டிகளோடு அந்தப் புண்ணும் ஊருக்கு வந்து இறங்கியது. ஊர் அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் தேநீர்க் கிளாசை அவர் வைத்ததும் கடைக்காரர் அதைத் தனியாக எடுத்துக் கழுவினார். "அங்கன எங்கயோ வாங்கிட்டு வந்துட்டாரு" என்ற பேச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் மாதிரி, கேட்டுக்கொண்டே இருந்தது. வேலையை விட்டு ஊரோடு வந்து கடை போட்ட பிறகும் அது நிற்கவில்லை.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது சஹன்தான்.

அந்த ஊர்க் கல்யாண விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் நெய்ச்சோறு குன்றாகக் குவிந்திருக்கும், மேலே களறி என்கிற கல்யாணக் கறி. சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். கப்பல் வைத்திருந்த வீட்டுக்காரரும் கடலை விற்பவரும் ஒரே குன்றை ஆளுக்கொரு பக்கமாகக் கரைத்துக்கொண்டு வருவார்கள். யார் யாரோடு உட்காருவது என்று ஆள் சேர்த்துவிடுவது மொகுதூமின் வேலை. காஜாவைவிடக் கொஞ்சம் இளையவன், அதனால் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பான், ஆனாலும் அவருக்கு முந்திப் பேத்தி எடுத்தவன், தெருச் சங்கத்தின் விருந்துகளையெல்லாம் முன்னின்று நடத்துபவன், குரல் மட்டும் பள்ளிவாசல் மினாரா உயரம். காஜா உள்ளே நுழைந்தால் அந்தக் குரல் இறங்கிவிடும். "காக்கா, ஒங்களுக்குக் காரம் ஆகாதுல்லா, அங்கன தனியா வச்சிருக்கேன். பைய சாப்பிடுங்க" என்று மூலையில் ஒரு சின்னத் தட்டைக் காட்டுவான். உதட்டில் புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தட்டுதான். அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் அவனோடு சண்டை போடவும் முடியவில்லை.

இந்த நிலையில் மகள் ஷம்ஸியாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்குவது ஊர் வழக்கம். விருந்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் வாப்பா, பெண்ணின் வாப்பா மூவரும் முதல் சஹனில் உட்கார வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கும்.

"நான் அன்னைக்கு வயித்து வலின்னு படுத்துக்கிடுதேன்" என்றார் காஜா.

மனைவி ஜுலைஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "படுத்துக்கிடுங்க. ஒங்களுக்குப் பதிலா ஒங்க உதட்ட மட்டும் அனுப்பி வைங்க. அதத்தான எல்லாரும் தேடுவாங்க."

"ஏன் இப்படிப் பேசுத?"

"பின்ன என்ன மச்சான். ஒங்க மொகத்துக்கு முன்னால அந்தச் சின்னத் தட்ட வச்சா சம்மந்தி என்ன நெனைப்பாங்கன்னு ஒங்களுக்குப் பயம். நீங்க இல்லாம முதல் சஹன் வச்சா எம் மவ என்ன நெனைப்பான்னு எனக்குப் பயம். நாளைக்குக் கடைய அடைங்க, பாளையங்கோட்டைக்குப் போறோம்."

திருச்செந்தூரிலிருந்து வரும் ரயிலில் ஏறினார்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்கள் வெயிலில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. காஜா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். அன்றைக்குப் புண் இல்லை, பழக்கம்தான்.

தோல் மருத்துவர் ஜாய்சி உவரிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். "எப்பலேர்ந்து வருது?"

"சவூதிக்குப் போன பொறவு நெறைய..."

"அதுக்கு முன்னால?"

காஜா யோசித்தார். "பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே வரும். முழுப் பரீட்சைக்கு முந்தி."

"அப்ப சவூதி மேல ஏன் பழியப் போடுதீங்க? வீட்டுல வேற யாருக்கும் உண்டா?"

"இல்ல."

"என்ன இல்லங்கியோ?" என்றாள் ஜுலைஹா. "ரைஹானத் மைனிக்கு வருமே. அதே உதட்டோரம், அதே நீர்க்கொப்புளம். நோம்பு மாசத்துல தவறாம வரும்."

ரைஹானத் காஜாவின் அக்கா. ரயில்வே கேட்டைத் தாண்டியதே அபூர்வம்.

"லாத்தாவுக்கு அது சூட்டுக் கொப்புளம்லா" என்றார் காஜா.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "அவங்களுக்கு வந்தா சூடு. ஒங்களுக்கு வந்தா மட்டும் என்னது?"

காஜா நினைத்துப் பார்த்தார். அக்காவுக்கு வந்தபோது தெருவே இளநீர் வெட்டிக் கொடுத்தது. வெண்ணெய் வந்தது, துஆ வந்தது. அதே புண்ணுக்கு அவருக்கு வந்தது சின்னத் தட்டு. இத்தனை காலம் ஊரோடு சேர்ந்து அவரும் தன்னைப் பற்றி அதையே கொஞ்சம் நம்பியிருந்தார். என்ன தப்பு என்று தெரியாமலே ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தலையைக் குனிந்தே நடந்திருந்தார்.

ஜாய்சி விளக்கினார். இது ஹெர்பிஸ் என்ற வைரஸ். பெரும்பாலும் சின்ன வயசிலேயே, யாரோ ஆசையாகக் கொஞ்சிக் கொடுத்த முத்தத்தில் வந்துவிடும். உங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இது இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். காதுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வப்போது எழுந்து உதட்டுக்கு வரப் பார்க்கும். "நெறையப் பேருக்கு உள்ள இருக்க காவக்காரன் உடனே முழிச்சு வெரட்டிருவான். சில குடும்பத்துல காவக்காரன் கொஞ்சம் லேட்டா எந்திரிப்பான். அது பொறப்புல வாறது. காது மடல், கண்ணு நெறம் மாதிரி, வாப்பா உம்மாட்ட இருந்து வாற மரபணுல உள்ள சின்ன வித்தியாசம்."

"காவக்காரன் தூங்குமூஞ்சின்னு சொல்லுங்க" என்றாள் ஜுலைஹா. "ஆளு எப்படியோ அப்படித்தான் காவக்காரனும்."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் சாப்பிட மாத்திரை எழுதித் தந்தார் மருத்துவர். புண் இருக்கும் நாளில் தட்டும் துண்டும் தனியாக இருக்கட்டும், கைக்குழந்தைக்கு முத்தம் கூடாது, தொட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது. மற்ற நாளில் எல்லாரையும் போல இருங்கள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். அக்காவும் தம்பியும் சோதனைக்கு எச்சில் கொடுப்பார்களா? ஒப்பிட்டுப் பார்க்க, புண்ணே வராத ஊர்க்காரர்கள் சிலர் ரத்தம் கொடுப்பார்களா?

ரைஹானத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "நல்ல குடும்பத்துப் பொம்பள குப்பிக்குள்ள துப்புறதா?" என்று கோபித்தவர், கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு துப்பினார். சங்கத்துக் கூடத்தில் ரத்தம் எடுக்க நடந்த முகாமில் முதல் ஆளாகக் கையை நீட்டியது மொகுதூம். "எழுதிக்கோங்க டாக்டரம்மா. எனக்கு உதட்டுல ஈகூட உக்காந்தது இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். காஜாவும் சிரித்தார், கைக்குட்டைக்குள்.

சில மாதம் கழித்து ஜாய்சி மறுபடி வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து அவரவர் விஷயத்தைச் சொன்னார். அக்காவையும் தம்பியையும் அவர்கள் விருப்பப்படி சேர்த்து உட்கார வைத்தார். உடம்பின் எச்சரிக்கை மணியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் இருவருக்கும் ஒரே வித்தியாசம். "இதுமட்டுந்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னும் பல குடும்பத்தப் பாக்கணும். ஆனா அண்ணாச்சி, இது நீங்க எங்கயோ போயி வாங்கினது இல்ல. அத இப்பவே சொல்லுவேன்."

காஜா கைக்குட்டையை எடுத்து இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரைஹானத்தோ எழுந்து நேராகத் தெருவுக்குப் போனார். அன்று அஸர் தொழுகைக்கும் மஃரிபு தொழுகைக்கும் நடுவில் அவர் நுழையாத வீடு இல்லை.

"வாப்பா சொத்துல தம்பிக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒரு பங்குன்னாங்க. சரி, அல்லாட கட்டள. இதுல மட்டும் ரெண்டு பேருக்கும் சரிசமமா வச்சிட்டுப் போயிருக்காரு பாருங்க" என்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "இனி எந்தம்பிக்குத் தனித் தட்டு வைக்கிறவன் எனக்கும் வைக்கட்டும்."

ரைஹானத்துக்குத் தனித் தட்டு வைக்கும் துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது.

நிக்காஹ் நாள் விடிந்தது. காஜா கண்ணாடியில் பார்த்தார். உதடு சுத்தமாக இருந்தது. ஒரு வாரமாகத் தூக்கமில்லை, பந்தல் வேலையில் வெயிலெல்லாம் தலையில்தான், ஆனாலும் எறும்பு ஊரவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தலின் நடுவே நடந்தபோது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். அந்தக் கைகளுக்கு அதுவரை ஒரு கைக்குட்டை வேலை இருந்தது.

முதல் சஹன் வந்து இறங்கியது. மாப்பிள்ளையும் சம்பந்தியும் உட்கார்ந்தார்கள். காஜா குனிந்து, "சம்மந்தி, எனக்கு உதட்டுல அப்பப்ப..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். ஒங்க லாத்தா எங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க. எங்க பொம்பளையளுக்கு இப்ப ஒங்க வீட்டுக் காவக்காரனப் பத்தித்தான் பேச்சு. உக்காருங்க, சோறு ஆறுது."

காஜா உட்காரவில்லை. பந்தல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார். ஆட்கள் தாங்களாகவே மூன்று மூன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மொகுதூமின் குரலைக் காணோம். தேடிப் போனால், சமையல் கொட்டகையில் அண்டாக்களுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"சாப்பிட வாலே."

"நான் வீட்டுல சாப்பிட்டுக்கிடுதேன் காக்கா." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் அந்த வைரஸ் உள்ள இருக்காம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எப்படி வந்துச்சுன்னே தெரியல. அன்னையிலேர்ந்து பேத்தியத் தூக்கவே பயமா இருக்கு."

காஜாவின் நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அந்தச் சின்னத் தட்டைப் பற்றிய வார்த்தை. வந்த இடத்திலேயே அது கரைந்துபோக, அவர் சிரித்தார். வாயைப் பொத்தாமல், பல் அத்தனையும் தெரிய. சமையல்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"ஒம் பந்தல்ல பாதிப் பேருக்கு இருக்கும்லே. ஒனக்குள்ள இருக்கவன் நல்ல காவக்காரன், கண்ணு மூடாமக் காக்குறான். எனக்குக் கெடச்சவன் தூங்குமூஞ்சி. அவ்வளவுதான் வித்தியாசம். புண்ணு வந்தா பேத்திக்கு முத்தம் குடுக்காத. வராட்டி தூக்கித் தோள்ல வை. இப்ப வா."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முதல் சஹனில் நாலாவது ஆளா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சம்பந்தி ஒன்றும் கேட்காமல் மாப்பிள்ளையை இடித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

காஜா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தார். நெய்ச்சோறு சூடாக இருந்தது. மொகுதூம் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தான். காஜா குன்றின் உச்சியிலிருந்து ஒரு பெரிய எலும்புக் கறியை விரலால் தள்ளி அவன் பக்கம் சரித்தார். சோறும் கூடவே சரிந்தது. அவன் கையை நீட்டினான். நாலு கைக்கு அந்தக் குன்று எம்மாத்திரம்.

"இங்கன சோறு போடுங்க வே" என்று குரல் கொடுத்தார் காஜா முகைதீன். பந்தலின் கடைசி வரிசை வரை கேட்டது.