பாதருக்குத் தெரியும் என்றேன்

சுற்றறிக்கை நோட்டு வகுப்புக்கு வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் படித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். விடுமுறை, ஆய்வாளர் வருகை, பூசைக்காக முதல் பீரியடு ரத்து, எல்லாம் அதில்தான் வரும். கையெழுத்துப் போட்டவர் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

எழுபத்தாறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு நாள் பியூன் அந்த நோட்டைக் கொண்டுவந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பில் அடிப்படை உரிமைகளை நடத்திக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி அது. எனக்கு வரலாறும் குடிமையியலும். நெருக்கடி நிலை வந்து ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. புத்தகத்தில் அச்சாகியிருந்த உரிமைகளில் எது நடப்பில் இருக்கிறது, எது இல்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது. முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், இதெல்லாம் இப்பவும் கீதா சார்?"

"பரீட்சைக்குக் கீது. உக்காரு" என்றேன். வகுப்பு பலமாகச் சிரித்தது. எனக்கும் என் பதில் பிடித்திருந்தது.

அந்தப் பெண் கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே உள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் குப்பத்தில் பதினொன்றாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். நன்றாகப் படிப்பாள். தேறிவிடுவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நோட்டில் ஒட்டியிருந்த காகிதம் பள்ளிக்கூடத்துக் காகிதம் அல்ல, மேலிடத்திலிருந்து வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு ஆளையாவது அழைத்து வர வேண்டும், தவறியவர்களின் பெயரைச் சம்பளப் பட்டியலோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்றிருந்தது. திருச்சபை பாவம் என்று சொல்லும் காரியம் அது. எங்கள் தலைமையாசிரியரோ குருவானவர். வழக்கமாக இப்படி வரும் காகிதத்தின் கீழே "கவனிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அன்று அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மாலையில் அவர் அறைக்குப் போனேன்.

"பாதர், இந்தச் சுற்றறிக்கையை என்ன செய்யறது?"

"அரசாங்கத்துக் காகிதம். ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?"

"போட்டேன் பாதர்."

"சரி" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குமேல் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் அடுத்த சில வாரங்கள் இதுதான் பேச்சு. "இன்னா சார், கேஸ் மாட்டிச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். கணக்கு ஆசிரியர் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரைப் பிடித்து முகாமுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "ஆளைப் பார்த்துட்டு டாக்டர் சொல்றார், இவருக்கு எழுபது வயசு, பேசாம நீங்க படுங்க வாத்தியாரேன்னு. விட்டேன் பாரு ஓட்டம்!" என்று அவர் சொன்னபோது தேநீர் புரையேறச் சிரித்தோம். டாக்டர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். நானே போய்ப் படுத்திருக்கலாம். மூன்றாவது பையனாகப் பிறக்கும் என்று நினைத்தேன், அதனால் போகவில்லை. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

டிசம்பரில் பரீட்சை விண்ணப்பங்களில் பெற்றோர் கையொப்பம் வாங்கினோம். அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு வியாழக்கிழமை வந்தார். கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், நாற்பது வயது இருக்கும். நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்தார். விண்ணப்பத்தில் பெருவிரலை ஒற்றினார். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று அதில் எழுதியிருந்தது.

"இன்னொரு காகிதமும் இருக்கு" என்றேன்.

"இன்னா காகிதம் சாரு?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"அதெல்லாம் எங்களுக்கு வாணாம் சாரு. பாவம்னு பூசைல சொல்லிகினே கீறாரு எங்க பாதரு."

"அரசாங்க உத்தரவு. நீங்க போகலேன்னா பொண்ணோட விண்ணப்பம் இங்கேயே நின்னுடும்."

அப்படி எந்த உத்தரவும் இல்லை. விண்ணப்பத்துக்கும் முகாமுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவர் விரலில் இருந்த மையைத் துண்டில் துடைத்தார். மை போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"அப்ப பொண்ணு பரீட்ச எழுத முடியாதா?"

"முடியாது."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "இங்கத்துப் பெரிய பாதருக்கு இது தெரியுமா சாரு?"

தலைமையாசிரியரின் அறை மூன்று கதவு தள்ளி இருந்தது. அவர் போய்க் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பாதருக்குத் தெரியும். அவர் சரின்னு சொல்லித்தான் நான் உங்களைக் கேக்கறேன்."

"பாதரே சரின்னுட்டாரா?" என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அப்ப சரி சாரு. எப்ப வரணும்?"

நான் இந்து. அந்தப் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தும், ஒரு குருவானவரின் சம்மதம் என்பது எனக்கு ஓர் அதிகாரியின் அனுமதி மாதிரிதான். கோப்பில் ஒரு கையெழுத்து குறைந்தால் வாயால் சொல்லி நிரப்பிக்கொள்வோம் அல்லவா, அப்படித்தான் சொன்னேன். அந்த மனிதர் அந்தச் சம்மதத்தை நம்பித்தான் தன் கடவுளுக்கு முன்னால் நிற்கப் போகிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அவரை முகாமுக்கு நானே கூட்டிப்போனேன். முடிந்ததும் அவருக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள், எனக்கு ஒரு சீட்டு. சீட்டை அலுவலகத்தில் கொடுத்தேன். மாதக் கடைசியில் எனக்குச் சம்பளம் வந்தது.

குப்பத்தில் அந்த வாளியே காட்டிக்கொடுத்துவிட்டது. தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது அவர்களுடைய பங்குத் தந்தை அவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். "செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பாதருக்குத் தெரியும். அவரு சம்மதம்னு வாத்தியாரு சொன்னாரு" என்று இவர் எல்லோர் முன்னிலும் பதில் சொல்லியிருக்கிறார். பங்குத் தந்தை தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தார். கடிதம் மேசைமேல் விரிந்திருந்தது.

"நான் சம்மதித்ததாக நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள், இல்லையா?"

அவர் கேட்ட விதத்திலேயே அவருக்கு வேண்டிய பதில் இருந்தது. ஆனாலும் பதில் சொன்னவன் நான்தான்.

"இல்லை பாதர். அவர் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்."

அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். பங்குத் தந்தை அந்தப் பதிலைக் குப்பத்துப் பெரியவர்கள் முன்னால் படித்துக் காட்டினாராம். செய்த பாவத்தைக்கூட மன்னித்துவிடலாம், அதை ஒரு குருவின் தலையில் கட்டலாமா என்று கேட்டாராம். நான்கு நாள் கழித்துத் தகப்பனார் விடுதிக்கு வந்து மகளின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளை அழைத்துப் போய்விட்டார். பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை. சிஸ்டர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "என்னப் பொய்யன்னு காகிதம் எழுதின எடத்துல எம் பொண்ணு படிக்க வாணாம்" என்று சொன்னாராம்.

அந்த நாட்களில்தான் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் ஆசிரியர் அறையில் சத்தமாகப் பேசினார்கள். முகாம்களைப் பற்றியும் பேசினார்கள். அரசாங்கத்துக்குப் பயந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இனி இடமில்லை.

தேர்தல் முடிவு வந்த பிறகு வந்த ஞாயிறு, மகாபலிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வடக்கே மணலில் நடந்தேன். குப்பத்தின் முனையில் அந்தப் பெண் தன் தாயோடு மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"சார், ஹால் டிக்கெட் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சும்மா."

தகப்பனார் குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தார். உட்காரச் சொல்லவில்லை. பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்பும்படி கேட்டேன். இந்த வருடம் விட்டால் பயிற்சியில் இடம் போய்விடும், அவள் வாழ்க்கை என்றெல்லாம் பேசினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீ எங்கிட்ட சொன்னியா, சொல்லலியா?"

அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"சொன்னேன்."

"பாதரு கோயில்லதான் கீறாரு. வந்து அவராண்ட இதச் சொல்லு. நாளைக்கே பொண்ண இட்டாறேன்."

கோயிலுக்கு நடந்தோம். நூறடி இருக்கும். பெண்ணும் தாயும் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். வழியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணாத்த, சாட்சியா இட்டுகினு போற?" என்று கேட்டான். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பங்குத் தந்தை இளைஞர். என் பெயரைச் சொன்னதும் நாற்காலி போடச் சொன்னார். கடுமையானவர் அல்ல. "சொல்லுங்கள் சார், என்ன விஷயம்?" என்று கேட்டார். நான் சொன்னால் அவர் மறுபடியும் எழுதுவார். கடிதம் செங்கல்பட்டுக்குப் போகும். குருவின் பெயரைப் பொய்யாகச் சொல்லி, அவரிடமும் பொய் சொன்ன ஆசிரியரை அந்தப் பள்ளி வைத்திருக்காது. என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"பொண்ணைப் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லலாம்னு வந்தேன் பாதர். நீங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்."

"நல்லது. வேறு ஏதாவது உண்டா?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காத்திருந்தார்.

"வேற ஒண்ணுமில்ல பாதர்" என்றேன்.

தகப்பனார் என்னைத் திட்டவில்லை. அந்தக் குருவானவர் முன்னால் மறுபடியும் பழைய மரியாதைக்கே வந்துவிட்டார். "சரி சாரு. பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்றார். அந்தப் பெண் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவளைத் தாண்டித்தான் நான் வெளியே வர வேண்டியிருந்தது.

அவள் பரீட்சை எழுதவில்லை. முதல் நாள் காலை இரண்டாவது மணி அடிக்கும்வரை வாசலில் நின்றேன். வரமாட்டாள் என்று தெரிந்தேதான் நின்றேன். எனக்குப் பிறந்த மூன்றாவது குழந்தையும் பெண். ஓய்வுபெறும் வரை அதே பள்ளியில் அதே பாடத்தை நடத்தினேன்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. தகப்பனார் இறந்துவிட்டதாகப் பல வருடங்களுக்கு முன்பே கேள்விப்பட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. பாதர் சம்மதித்தார் என்று அவரிடம் சொன்னது நான். இல்லை என்று மறுத்ததும் நான். அன்று கோயிலில் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்.