இடமிருந்து நான்காவது

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்குக் குழம்பும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழை கண்ட இடத்தில் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். இயற்பியல், வேதியியல் மாநாடு என்றால் பல நாடுகளிலிருந்தும் வருவார்கள். நாற்காலி போடுவது, மைக் வைப்பது, பேட்ஜ்களை மேசையில் அடுக்குவது என் வேலை. இரண்டாம் நாள் டீ இடைவேளையில் எல்லோரையும் படிக்கட்டில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வழக்கம் உண்டு என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். வரிசை அமைப்பது நான்தான். பேச வெட்கம், அதனால் கையைக் காட்டுவேன். பேட்ஜைப் பார்த்துப் பார்த்து நிறுத்துவதால் முகமும் பெயரும் சேர்ந்தே மனதில் நின்றுவிடும்.

ஒரு மாநாட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முன்வரிசை, இடமிருந்து நான்காவது. நான் இருக்கும் ஒரே படம் அது.

பேராசிரியர் ஓய்வு பெற்றதும், நிலையத்தில் நடந்த மாநாடுகளின் வரலாற்றைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். பழைய படங்களில் யார் பெயரும் இல்லை. மயிலாப்பூரில் அவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போனேன்.

"இது யாருப்பா, மீசைக்காரர்?"

"ஜப்பான் சார். சாம்பார்ல சக்கரை போட்டுக்கினாரே, அவரு." பெயரையும் சொல்வேன்.

"பகவான் உன் தலைக்குள்ள ஒரு ஆல்பத்தையே வச்சுட்டான்!" என்று சிரிப்பார்.

என் படம் வந்தபோது, "இந்த அழகனை எனக்கே தெரியுமே. பேரை எழுதிண்டுட்டேன், போ" என்றார்.

வீட்டில் சொன்னேன். "இன்னாய்யா, இனிமே உன்ன சைன்டிஸ்ட்டுன்னு கூப்புடணுமா?" என்று மனைவி கிண்டல் செய்தாள். ஆனால் நங்கநல்லூரில் இருக்கும் தன் தங்கைக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள்.

புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் பெயர்களை எழுத்துக்கூட்டுவதோடு சரி நான், அதனால் மகள் படித்தாள். படத்துக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். மூன்றாவதோடு அவள் குரல் நின்றது. "நாலாவது, அடையாளம் தெரியவில்லைன்னு போட்டிருக்குப்பா."

"எல்லாரு பேரையும் சொல்லிக் குடுத்தது நீ. உன்னத் தெரியலையாமா?" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

பேராசிரியரிடம் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. "புத்தகக் கமிட்டில, மாநாட்டுக்கு வந்த டெலிகேட் பேர் மட்டும்தான்னுட்டா. உங்கிட்ட பேட்ஜ் இல்லையேப்பா. மனசுல வச்சுக்காதே" என்றார். "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

கமிட்டிக்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் இவருக்குச் சர்க்கரை இல்லாத டீ கொண்டுபோய் வைத்தவன் நான். பெயரை விட்டுவிட்டோம் என்று போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. தெரியவில்லை என்பது பொய்.

போன ஞாயிறு மறுபடி கூப்பிட்டார். இரண்டாம் பாகம், வேதியியல் மாநாடுகள். முதல் படத்தில் ஒரு உயரமான மனிதர் மேல் விரலை வைத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாற்காலி மடக்கும்போது என் விரல் நசுங்க, தன் கைக்குட்டையால் கட்டிவிட்டவர்.

"தெரியல சார்" என்றேன்.

அடுத்த படத்துக்கும் அதையேதான் சொன்னேன். பேராசிரியர் என்னையே பார்த்தார். புரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்த உயரமானவர் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? அவர் வீட்டிலும் யாராவது அந்தப் புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்துத் தேடுவார்கள்.

அவர் பெயரை, பேட்ஜில் இருந்தபடியே எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுவிட்டேன். அடுத்த படத்தில் இருந்தவர் பெயரும் அதில் இருக்கிறது. நாளை பேராசிரியர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். உள்ளே வா என்றாலும் போகமாட்டேன்.

அந்த உறைக்குள் வைக்காத மீதியைத்தான் இங்கே எழுதினேன்.

மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை.